பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் கைக்கும் தொழில்நுட்பம் போய்ச் சேர: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பள்ளி 40 லேப்டாப் வாங்கிவிட்டது என்பது வேறு. அங்கே படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் கணினியில் வேலை செய்கிறார்கள் என்பது வேறு. வாங்கிய பொருளை எண்ணுவது சுலபம். ரசீது இருக்கும், விழாவில் எடுத்த படம் இருக்கும். எந்தப் பிள்ளையின் கை விசைப்பலகையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு ரசீது கிடையாது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. தலைமையாசிரியர், கணினி ஆய்வகப் பொறுப்பாளர், வகுப்பு ஆசிரியர், பெற்றோர் குழுவில் இருப்பவர் என யார் வேண்டுமானாலும் தங்கள் பங்கை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பொருள் மட்டும் போதாது என்பதற்குப் பெரு நாட்டின் அனுபவமே சாட்சி. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மாணவருக்கு 0.12 என்று இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமே இல்லை. உருகுவே 2007-ல் தொடங்கிய திட்டத்தில் லேப்டாப்போடு பள்ளிக்கு இணையத்தையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அங்கேயும் மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை, ஆனால் வசதியுள்ள வீட்டுக்கும் வசதியற்ற வீட்டுக்கும் இடையே கணினி விஷயத்தில் இருந்த பள்ளம் வெகுவாகக் குறைந்தது. ஆக, சாதனம் கொடுப்பது முதல் வேலை. அதைக் கொடுத்த கையோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

படி 1: விசாரியுங்கள், ஆனால் சரியான கேள்வியைக் கேளுங்கள்

பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: "வீட்டில் கணினியோ ஸ்மார்ட்ஃபோனோ இருக்கிறதா?" அதையும் வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் இல்லாத பிள்ளையும் தூக்கும். "இருக்கிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யவும் முடியாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரே ஃபோன். அப்பா காலை ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார், இரவு எட்டரைக்குத் திரும்புகிறார். படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். ஆசிரியர் மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் போட்டு, ஒன்பது மணிக்குள் அனுப்பச் சொல்கிறார். பள்ளியின் படிவத்தில் இந்த வீடு "ஃபோன் உண்டு, இணையம் உண்டு" என்று பதிவாகியிருக்கும். நடப்பில் மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது அரை மணி நேரம். பொதுத்தேர்வு எழுதும் மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை என்றால் கடைசிப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் கேள்விகளை இப்படி மாற்றிக் கேளுங்கள்:

- நீ பயன்படுத்தும் ஃபோன் அல்லது கணினி யாருடையது? எந்த நேரத்தில் உன் கைக்கு வரும்?
- அதை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?
- மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோவது உண்டா? தீர்ந்தால் என்ன செய்வாய்?
- எங்கே உட்கார்ந்து படிப்பாய்? அங்கே சார்ஜ் போட வசதி இருக்கிறதா?
- புரியாவிட்டால் வீட்டில் சொல்லித்தர ஆள் உண்டா?
- திரையில் எழுத்து தெரிவதிலோ, ஒலி கேட்பதிலோ, விசையை அழுத்துவதிலோ சிரமம் உண்டா?

இதைக் காகிதத்தில் கொடுங்கள். இணையப் படிவத்தில் விசாரித்தால் இணையம் இல்லாதவர் பதிலே வராது. அப்புறம் கிடைக்கும் முடிவு எல்லோருக்கும் இணையம் இருக்கிறது என்றுதான் சொல்லும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோரிடம் வகுப்பு ஆசிரியர் நேரில் பேசிக் கேட்பது நல்லது. பதில்கள் வகுப்பு ஆசிரியரையும் பொறுப்பாளரையும் தாண்டிப் போகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் ஏதோ நாலைந்து வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். யுனிசெஃப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 3 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்குக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை. பள்ளிகளின் நிலையும் பெரிதாக மெச்சும்படி இல்லை. யுனெஸ்கோவின் 2023 அறிக்கைப்படி இணைய இணைப்புள்ள தொடக்கப் பள்ளிகள் உலக அளவில் 40 சதவீதம்தான். நான்கில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மின்சாரமே இல்லை.

கணக்கெடுப்பைப் பகுத்துப் பார்க்கும்போது மொத்தச் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். பெண்பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள். வீட்டில் ஒரு ஃபோன் இருந்தால் அது அண்ணன் தம்பியின் கையில் இருப்பதே வழக்கம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், விடுதியில் தங்கியிருப்பவர்கள், அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் என ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

படி 2: வாங்கும் முன் முழுச் செலவையும் போடுங்கள்

சாதனத்தின் விலை செலவில் ஒரு பகுதிதான். சார்ஜர், ஹெட்ஃபோன், உறை, பூட்டி வைக்க அலமாரி, பழுதுபார்ப்பு, மென்பொருள் உரிமம், இணையக் கட்டணம், ஆசிரியர் பயிற்சி, மூன்று நான்கு ஆண்டில் மாற்றவேண்டிய பேட்டரி என்று பட்டியல் நீளும். கையில் உள்ள பணம் முழுவதையும் சாதனத்துக்கே போட்டுவிடும் பள்ளியில் இரண்டாம் ஆண்டு இறுதிக்குள் பாதி அலமாரிக்குள் போய்விடும். 40 வாங்கப் பணம் இருந்தால் 30 வாங்குங்கள், மீதியை மற்றவற்றுக்கு வையுங்கள். அந்த 30-லும் மூன்றை உபரியாக ஒதுக்கிவிடுங்கள். ஒன்று பழுதானால் அன்றைக்கே மாற்று கொடுக்க முடியும். இது நிர்வாகக் குழுக்களுக்குப் பிடிக்காத ஆலோசனை என்று தெரியும். 40 என்ற எண் அறிக்கையில் எடுப்பாக இருக்கும்.

நன்கொடையாக வரும் பழைய கணினிகள் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், நிபந்தனை போடுங்கள். பத்து பேர் பத்து மாடலைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து வகைச் சார்ஜர், பத்து வகைப் பிரச்சினை. பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் பல நிறுவனங்கள் பழைய கணினிகளைத் தள்ளிவிடப் பார்ப்பது இயல்புதான். அப்படி வரும் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பெரும்பாலும் இன்னும் சில ஆண்டு நன்றாகவே ஓடும், ஆனால் அதை நிறுவவும் பராமரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உப்பிப்போன பேட்டரி உள்ள எதையும் வகுப்பறைக்குள் விடவே கூடாது.

கைபேசியும் கணினியும் ஒன்றல்ல என்பதும் இங்கே ஞாபகம் இருக்கட்டும். பாடம் பார்க்க, ஒலி கேட்க, படம் எடுத்து அனுப்பக் கைபேசி போதும். நான்கு பக்கக் கட்டுரை எழுத, அட்டவணையில் கணக்குப் போட, நிரல் எழுதப் பழக அது போதாது. கைபேசி மட்டுமே உள்ள பிள்ளையை "வசதி உள்ளவர்" என்ற பத்தியில் சேர்க்காதீர்கள். அதற்கென்று நடுவில் ஒரு பத்தி போடுங்கள்.

படி 3: மின்சாரம், இணையம்

30 லேப்டாப்பை ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? ஒரு சார்ஜர் 65 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,950 வாட். இதை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது ஆபத்து. மின்பணியாளரை வைத்துத் தனி இணைப்பு போடுங்கள், அல்லது பத்து பத்தாகப் பிரித்து நேரம் வைத்துச் சார்ஜ் போடுங்கள். மின்தடை அடிக்கடி வரும் இடமென்றால் டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்போ டேப்லெட்டோ மேல். நீண்ட விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் வையுங்கள். முழுக்க இறங்கிய நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் லித்தியம் பேட்டரி கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

இணையத்தில் இரண்டு விஷயம் அடிக்கடி கோட்டைவிடப்படுகிறது. ஒன்று, வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரவுட்டர். ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் ஒரே சமயத்தில் இணைந்தால் அது திணறிவிடும், பின்வரிசைக்கு வைஃபையே எட்டாது. வேகமான இணைப்புக்குப் பணம் கட்டிவிட்டு அதை வகுப்பறைக்குள் பரப்பும் கருவியில் கஞ்சத்தனம் செய்தால் கட்டிய பணம் வீண். மற்றது, தானாக நடக்கும் புதுப்பிப்புகள். காலை முதல் பாடவேளையில் எல்லாக் கணினியும் ஒரேயடியாகப் புதுப்பிக்கத் தொடங்கினால் அந்த வேளை போனது போனதுதான். அவற்றைப் பள்ளி முடிந்தபின் நடக்கும்படி அமைத்துவிடுங்கள்.

இணையம் வராத இடத்துக்கும் வழி உண்டு. கோலிப்ரி என்ற இலவசத் தளத்தில் பாடங்களை ஒருமுறை தரவிறக்கி ஒரு கணினியில் வைத்துவிட்டால், பள்ளிக்குள் இருக்கும் மற்றச் சாதனங்கள் இணையம் தேவைப்படாத உள்வலையமைப்பு வழியாக அதைப் பார்க்கலாம். கிவிக்ஸ் என்ற செயலியில் விக்கிப்பீடியாவை அப்படியே இணையமில்லாமல் படிக்கலாம்; தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியே ஒரு வகுப்புக்கு இதைப் பரிமாறப் போதும். வாரத்துக்கு ஒருமுறை இணையம் கிடைக்கும் இடத்துக்கு எடுத்துப்போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

படி 4: வகுப்பறையில் கை யாருடையது?

எனக்கு இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். இதற்குப் பணமும் வேண்டாம்.

ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று உட்கார வைத்தால் என்ன நடக்கிறது என்று பின்வரிசையில் அமர்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் கணினி உள்ள பிள்ளை மவுஸைப் பிடிக்கும். அதற்குத் தெரியும், வேகமாக முடியும், ஆசிரியருக்கும் வேலை நடந்தால் சரி. இரண்டாவது பிள்ளை திரையைக் காட்டி "அதை அழுத்து" என்று சொல்லும். மூன்றாவது பிள்ளை குறிப்பேட்டில் தலைப்பை அழகாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும். மணி அடித்ததும் வருகைப் பதிவில் மூவருக்கும் ஒரு "கணினி வகுப்பு" ஏறும். ஏற்கெனவே தெரிந்தவருக்கு இன்னும் நாற்பது நிமிடப் பயிற்சி, தெரியாதவருக்கு நாற்பது நிமிட வேடிக்கை. பள்ளி வாங்கிய கணினியே இடைவெளியைப் பெரிதாக்குகிறது.

இதைச் சரிசெய்ய ஓர் எளிய முறை: மூன்று வேலை, மூன்று முறை மாற்றம். ஒருவர் விசைப்பலகை, ஒருவர் வழிசொல்பவர், ஒருவர் சரிபார்ப்பவர். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி. மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் இடம் மாறவேண்டும். வழிசொல்பவர் கையால் எதையும் தொடக்கூடாது, வாயால் மட்டும் சொல்லவேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் தெரிந்த பிள்ளை எட்டி வந்து அழுத்திவிடும். ஆசிரியருக்கும் இதே விதி! மாணவரின் மவுஸை வாங்கித் தானே செய்து காட்டுவது பலருக்கும் கைவந்த பழக்கம். வேண்டுமானால் பக்கத்தில் ஒரு காலிக் கணினியில் செய்து காட்டுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் (வேறு வகுப்பு ஆசிரியர், பெற்றோர் குழு உறுப்பினர்) பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறையை நோட்டம்விட்டு, எந்தப் பிள்ளையின் கை விசைப்பலகையில் இருக்கிறது என்று வருகைப் பட்டியலில் ஒரு கோடு. பாடவேளை முடிவில் சில பெயர்களுக்கு எதிரே ஏழெட்டுக் கோடு இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. கோடே இல்லாத பெயர்களைப் படித்துப் பாருங்கள். படி 1-ல் நீங்கள் கண்டுபிடித்த அதே பெயர்கள் பெரும்பாலும் இங்கேயும் இருக்கும்.

கணினி ஆய்வகத்தை யாருக்குத் திறந்துவிடுகிறீர்கள் என்பதும் இதில் சேர்த்திதான். "நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும்", "வேலையை முதலில் முடித்தவர்களுக்குப் பரிசாகக் கணினி நேரம்" என்ற வழக்கங்கள் கேட்க நியாயமாகத் தோன்றும். விளைவு, மெதுவாக எழுதும் பிள்ளைக்கும் தண்டனை பெற்ற பிள்ளைக்கும் கணினியே கிடைக்காது. கணினி நேரத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். கணக்கு வகுப்பை யாரும் அப்படிச் செய்வதில்லையே. பள்ளி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அரை மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள், வீட்டில் வசதி இல்லாதவர்களுக்கு முன்பதிவு கொடுங்கள். பள்ளிப் பேருந்தில் போகிறவர்களுக்கு மாலை நேரம் ஒத்துவராது என்பதையும் கணக்கில் எடுங்கள். அவர்களுக்கு மதிய இடைவேளை.

படி 5: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. அதன் 24-ஆவது பிரிவு எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை உரிமை என்கிறது. நடைமுறையில் "அப்படி ஒரு மாணவர் சேர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பல பள்ளிகளின் பதில். அந்த மாணவர் சேர்ந்தபின் ஆறு மாதம் காத்திருப்பார்.

நல்ல செய்தி, இதில் பெரும்பகுதி இலவசம். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் எழுத்தைப் பெரிதாக்க, நிறத்தை மாற்ற, பேசித் தட்டச்சு செய்ய வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் பெரும்பாலும் நாம் தயாரிக்கும் பாடக்குறிப்பில் இருக்கிறது. புத்தகப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். ஓர் எழுத்தும் வாசிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இன்னும் வேடிக்கை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும்; திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஆகவே எல்லாப் பாடக்குறிப்பும் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறையில், இருக்கட்டும். பழைய கோப்புகளை மாற்றித்தர இலவச எழுத்துரு மாற்றிகள் உள்ளன. படமாக உள்ள பக்கங்களை எழுத்தாக மாற்றக் கூகுள் டிரைவே உதவும். பிழைதிருத்தம் செய்யாமல் மட்டும் அனுப்பாதீர்கள்.

காணொளியில் பேசுவதைக் கீழே எழுத்தில் காட்டும் வரி வேண்டும். அது காது கேளாதவருக்கு மட்டும் பயன்படுவதில்லை, சத்தமான வீட்டில் ஹெட்ஃபோன் இல்லாமல் படிக்கும் பிள்ளைக்கும் உதவும். "சிவப்பில் உள்ளதை அழுத்து" என்று மட்டும் எழுதாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல்தன்மை நெறி. வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து போட்டு ஸ்லைடு தயாரிப்பவர்கள் கவனிக்க.

படி 6: வீட்டுப்பாட விதிகள்

இங்கே மூன்று விதி எழுதி எல்லா ஆசிரியரும் ஏற்கும்படி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இணையம் தேவைப்படும் வேலைக்குக் குறைந்தது இரண்டு நாள் அவகாசம், முடிந்தால் நடுவில் ஒரு விடுமுறை நாள். அப்பாவின் ஃபோன் கையில் கிடைக்கும் நாள் அதுதான்.

எல்லா இணைய வேலைக்கும் ஒரு காகித வழி, அதற்கும் அதே மதிப்பெண். "அழகாகத் தட்டச்சு செய்து வண்ணப்படம் ஒட்டியதற்கு" ஐந்து மதிப்பெண் கூடுதல் என்றால் அந்த ஐந்தும் வீட்டில் பிரிண்டர் இருப்பதற்கான மதிப்பெண்.

மூன்றாவது, கோப்பின் அளவு. ஆசிரியர் பத்து நிமிடம் பேசி அனுப்பும் காணொளி நடுத்தரத் தரத்தில் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் 75 எம்பி. அதே பேச்சை 64 கிலோபிட் ஒலிக்கோப்பாக அனுப்பினால் 5 எம்பிக்குள் முடிந்துவிடும். அதையே எழுதி அனுப்பினால் சில கேபி. முகம் காட்டிப் பேசவேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் ஒலியும் எழுத்தும் போதும். ஐந்து பாட ஆசிரியர்களும் நாளுக்கு ஒரு காணொளி அனுப்பினால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு டேட்டா தீரும் என்று பெருக்கிப் பாருங்கள். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கட்டி வாங்கிய கருவி வைத்திருக்கும் பிள்ளையும் எதுவும் இல்லாத பிள்ளையும் ஒரே கட்டுரையை எழுதினால் நாம் எதை மதிப்பிடுகிறோம்? பயன்படுத்தலாம் என்றால் எல்லோருக்கும் ஒரே கருவி, பள்ளி நேரத்தில், ஆசிரியர் முன்னிலையில். கூடாது என்றால் அந்த வேலையை வகுப்பிலேயே எழுத வையுங்கள். இப்படியான சேவைகள் பலவற்றில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்குத் தொடங்க முடியாது என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 7: வீட்டுக்குக் கடனாகக் கொடுப்பது

நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் சாதனத்தையும் எடுத்துப்போகலாம் என்று பள்ளி அறிவிக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எடுத்துப் போனவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஏன்? விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: "உடைந்தாலோ தொலைந்தாலோ முழு விலையைப் பெற்றோர் செலுத்தவேண்டும்." ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான பொருளை எந்த ஏழைத் தாயும் வீட்டுக்குள் விடமாட்டார். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவார். அல்லது வாங்கி, தொடவிடாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். பள்ளியின் பதிவேட்டில் அது "ஆர்வமின்மை" என்று ஏறும்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். எதிர்பாராத சேதத்தைப் பள்ளியே ஏற்கும், வேண்டுமென்றே உடைத்தால் மட்டும் பேசுவோம் என்று எழுதுங்கள். உபரிச் சாதனமும் பழுதுக்கு ஒதுக்கிய பணமும் இதற்காகத்தான். முன்பணம் வாங்காதீர்கள். அடையாளம் காட்டும் ஸ்டிக்கரும் வேண்டாம், "இலவசத் திட்டம்" என்று ஒட்டிய லேப்டாப்பை வெளியே எடுக்கவே பிள்ளை கூச்சப்படும். வசதி உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் ஒரே மாடல், ஒரே உறை, ஒரே எண் வரிசை.

கொடுக்கும்போது பெற்றோரை அழைத்து அரை மணி நேரம் பேசுங்கள். எப்படித் திறப்பது, எப்படிச் சார்ஜ் போடுவது, யாரிடம் கேட்பது. பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே தயங்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு அழைப்புக் கடிதம் போதாது, தெரிந்த ஒருவர் போய்க் கூப்பிட வேண்டும்.

படி 8: பிள்ளைகளின் தகவல்

இலவசச் செயலி என்றால் எதைக் கொடுத்து அதைப் பெறுகிறோம் என்று கேட்கவேண்டும். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளைக் கண்காணித்தன, அல்லது கண்காணிக்கும் வசதியைக் கொண்டிருந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காசு கொடுத்து விளம்பரமில்லாத சேவையை வாங்கிக்கொள்ளும். இலவசத்தை நம்பியிருக்கும் பிள்ளைதான் தன் தகவலைக் கொடுக்கிறது. புதுச் செயலி எதையும் ஆசிரியர் தனியாக முடிவு செய்து நிறுவச் சொல்லாமல், பள்ளி ஒரு சிறு பட்டியலை ஒப்புதல் செய்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. பத்துச் செயலி, பத்து பாஸ்வேர்ட் என்றால் வீட்டில் உதவி இல்லாத பிள்ளைதான் முதலில் தொலைந்துபோகும்.

படி 9: ஆசிரியருக்கு நேரம்

ஒருநாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்ற வழியில் யாரும் எதையும் கற்றதாக நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து தங்கள் அடுத்த வாரப் பாடம் ஒன்றைத் தயாரிக்கட்டும். ஒருவர் கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் போதும். மூத்த ஆசிரியர்கள் மாணவர்முன் தடுமாற அஞ்சுவது இயல்பு. அவர்கள் தனியாகப் பழக ஒரு சாதனத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். தாய்மொழியில் தட்டச்சு செய்யும் வசதியை எல்லாச் சாதனத்திலும் அமைத்து, அதை ஆசிரியர்களுக்கே முதலில் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்ய முடிகிற கணினி பாதி வகுப்புக்கு மூடிய கணினிதான்.

படி 10: பருவத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது, கைமாற்றிக் கொடுப்பது

எத்தனை சாதனம் இருக்கிறது என்பதை நான்காவது கேள்வியாக வையுங்கள். முதல் மூன்று இவை: படி 4-ல் சொன்ன பட்டியலில் கோடே விழாத பெயர்கள் எத்தனை? இணைய வழி வீட்டுப்பாடத்தைத் தரமுடியாமல் போனவர்கள் யார் யார், அதே பெயர்கள் திரும்ப வருகின்றனவா? பழுதான சாதனம் சராசரியாக எத்தனை நாளில் திரும்பியது? இந்த எண்களைப் பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் படியுங்கள். மாணவர்களில் நான்கைந்து பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள், அவர்களில் வீட்டில் கணினி இல்லாதவர் கட்டாயம் இருக்கட்டும். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது கிடைப்பதில்லை என்பது பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இதுபோன்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரின் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்த மாதமே ஆய்வகம் பூட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே ஒரு தடிமனான பதிவேட்டில் எழுதி வையுங்கள்: சாதனங்களின் வரிசை எண், யாரிடம் எது இருக்கிறது, உத்தரவாதம் முடியும் தேதி, பழுதுபார்ப்பவர் எண், இணையக் கட்டணம் கட்டவேண்டிய நாள், எந்தப் பிள்ளைக்கு என்ன அமைப்பு மாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்பது. நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டை மூடிய உறையில் தலைமையாசிரியர் அலமாரியில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பருவத்துக்கு ஒருமுறை திறந்து சோதியுங்கள். ஆய்வகச் சாவி இரண்டாவது ஒருவரிடமும் இருக்கட்டும்.